அந்த டயோடை நான் எறியவில்லை

அன்புள்ள முருகேசா,

இதை எழுதுவது உன் அப்பா. நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்று கோட்டுக்கு மேலே நிற்கும், அடுத்தது கோட்டுக்குக் கீழே தொங்கும். முதல் நாள் உன் பேரை மட்டும் எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்த பேர். வாயால் எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பேன். அது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. இன்றோடு பதினோரு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் அதிகம். அதற்குள் விரல் மரத்துப்போகிறது.

போன மழைக்காலத்தில், இங்கே மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தையல் தைக்கிற செல்விதான் டீச்சர். பதினாறு பேரும் பெண்கள், வயலில் களை எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்காருகிறவர்கள். ஆம்பளை நான் ஒருத்தன்தான். முதல் நாளே ஒருத்தி, "என்ன மாமா, எமனுக்கு மனு எழுதப் போறீகளா?" என்றாள். "ஆமாத்தா, உன் பேரையும் சேத்து எழுதிவிடவா?" என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சுவரோரம் சாய்ந்து உட்கார இடம் விட்டார்கள். மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டினேன். ஐந்தாவது மாதம், சின்னமனூர் பஸ்ஸின் நெற்றியில் ‘சின்னமனூர்’ என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ஏறினேன். கண்டக்டர் கத்துவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்தியபோது சிரிப்பு வந்தது. பிறகு உப்புப் பாக்கெட், உர மூட்டை, கல்யாண போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதையும் விடவில்லை. மாத்திரை அட்டையையும் வண்டி நம்பரையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டதால், இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் செல்வி தனித்தாளில் எழுதிக் கொடுத்தது. அதையும் ரோட்டோரம் நின்று, போகிற வண்டிகளை வைத்தே படித்தேன்.

வாசித்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் உப்புப் பாக்கெட்டை அவளுக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். "உப்புன்னு உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்" என்றிருப்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் ஒரு மனுஷக் குரல் கேட்கிறது என்றால் அது நான் சத்தம் போட்டு வாசிக்கிற குரல்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து உன் போன் வரும். சாப்பிட்டீர்களா என்பாய், மாத்திரை இருக்கிறதா என்பாய், சரி வைக்கிறேன் என்பாய். நான் குறை சொல்லவில்லை. ஒரு வாரம்கூட நீ தவறியதில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் நான் எழுத்துப் படிக்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னால் அதற்கு அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அடுத்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

இருபது நாளைக்கு முன்னால் பேத்தி மீனா எனக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அவளைத் திட்டாதே. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்திருக்கிறது, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர வேண்டும் என்கிறாள், நீ கூடாது என்கிறாய். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறதாம். கம்ப்யூட்டர் படி, கணக்குப் படி, எது வேண்டுமானாலும் படி, இது மட்டும் வேண்டாம் என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "தாத்தா, நம்ம கைக்குக் கரண்டு ஆகாதும்மா, நம்ம கையால ஒருத்தர் கண்ணு போயிருக்குன்னு அப்பா சொல்றாரு. யாரு கண்ணு தாத்தா?"

நான் பேச்சை மாற்றத்தான் பார்த்தேன். நீ என்ன படிக்கப் போகிறாய், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் விட்டாளா? பிடித்துக்கொண்டாள். "நீங்க பேட்டரிக் கடையில இருந்தீங்களாமே. ஒண்ணு கேக்குறேன். செவுத்துல வர்ற கரண்டு முன்னாடி போகும், பின்னாடி வரும்னு புக்குல இருக்கு. அப்படின்னா பேட்டரி எப்படி நெறையும்? போட்டதத் திரும்ப எடுத்துக்காதா?" முருகேசா, அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைக் கணக்குப் படி என்று எப்படியடா அனுப்புவது?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்ததுதான், ஆனாலும் இங்கே எழுதுகிறேன். எழுத முடிகிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. லைனில் வருகிற மின்சாரம் ஒரு நொடிக்குள் ஐம்பது தடவை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்புகிறது. பேட்டரிக்கு அது ஆகாது. அதற்கு ஒரே பக்கமாகப் போக வேண்டும். அதற்குத்தான் டயோடு. கிணற்று மோட்டார் குழாயின் அடியில் புட் வால்வு இருக்கிறதல்லவா? தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. டயோடும் அந்த வேலைதான் செய்கிறது, ஆனால் உள்ளே அசைகிற மூடி ஒன்றும் கிடையாது. சின்னச் சில்லு ஒன்றுதான். ஒரு பக்கம் வந்தால் வழி விடும், மறுபக்கம் வந்தால் மறித்துவிடும். ஒரே ஒரு டயோடை வைத்தால் போகிற பாதி மட்டும் கிடைக்கும், திரும்புகிற பாதி வீண். நாலு டயோடை முறையாகச் சேர்த்தால் அந்தத் திரும்புகிற பாதியையும் இந்தப் பக்கமே திருப்பிவிட்டுவிடலாம். அப்படி வருகிறதும் ஒரே சீராக வராது, மேடும் பள்ளமுமாகத் துடித்துக்கொண்டுதான் வரும். பேட்டரிக்கு அது போதும்.

"நாலு எப்படித் தாத்தா?" என்றாள். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. ஐ.டி.ஐ.யில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சனிக்கிழமை சின்னமனூர்க் கடைக்கு வந்தாய். தரையில் சாக்கட்டியால் ஒரு சாய்சதுரம் போட்டு, நாலு பக்கத்திலும் நாலு அம்பு வரைந்தாய். இடது மூலையும் வலது மூலையும் டிரான்ஸ்பார்மர் கம்பி, மேல் முனை பேட்டரியின் சிவப்பு, கீழ் முனை கறுப்பு. "அப்பா, நீங்கதான் கரண்டு. அம்பு பாக்குற பக்கம் மட்டும் நடங்க" என்றாய். இடது மூலையில் நின்றேன். அம்பு மேலே போகச் சொன்னது. மேல் முனைக்குப் போய், வெளியே பேட்டரியைச் சுற்றி, கீழ் முனை வழியாக உள்ளே வந்து, வலது மூலையில் நின்றேன். "இப்பத் திரும்புங்க" என்றாய். வலது மூலையிலிருந்து கிளம்பினால் அங்கேயும் அம்பு மேல் முனைக்குத்தான் காட்டியது. எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் பேட்டரிக்குள் சிவப்புப் பக்கமாகவே நுழைந்தேன். ஏழெட்டுத் தடவை நடந்தேன். பேட்டரி எடுக்க வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர்கள் வாசலில் நின்று, "என்னண்ணே, கோலத்துக்குள்ள நொண்டி ஆடுறீக?" என்று சிரித்தார்கள். பதினாறு வருஷம் அந்தக் கடையில் டயோடை மாற்றியிருந்த எனக்கு, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மீனாவிடம் இதை எல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய கண் என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதிலை நீ பெற்ற பிள்ளை என்னிடம் கேட்கிறாள்.

நம் கடைச் சார்ஜரில் இருந்தது போல்ட் மாதிரி டயோடு. அடியில் மரை, மேலே ஒரு வால். அலுமினியத் தகடு இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு டயோடை முடுக்கியிருக்கும். ஒரு தகட்டுக்குப் போகிற டயோடு அடுத்த தகட்டுக்கு ஆகாது. ஒன்று அடியிலிருந்து மேலே விடும், மற்றது மேலிருந்து அடிக்கு விடும். ஆனால் பார்க்க இரண்டும் ஒரே அச்சு. உடம்பில் பொடி எழுத்தில் நம்பர் போட்டு, மாற்று வகையாக இருந்தால் கடைசியில் ஆர் என்று ஓர் எழுத்துப் போட்டிருப்பார்கள். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது என்பதால் டேனியல் முதலாளி புது டயோடு வாங்கிவந்த உடனே ஒரு வகைக்குச் சிவப்புப் பெயிண்ட்டும் மற்றதற்குக் கறுப்புப் பெயிண்ட்டும் குச்சியால் தொட்டு வைத்துவிடுவார். தகட்டிலும் அதே பொட்டு. எனக்காகவே அவர் ஏற்படுத்திய வழக்கம் அது. பொட்டைப் பார்த்து மாட்டுவேன். அத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தப்பவில்லை.

அன்று காலை சார்ஜர் மீட்டரில் முள் பாதிதான் காட்டியது. ஒரு டயோடு போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். முதலாளி வெளியே போயிருந்தார். முந்தின நாள் தேனியிலிருந்து வாங்கிவந்த பொட்டலம் மேஜையில் இருந்தது, உள்ளே வகைக்கு ஒன்றாக இரண்டு டயோடு. பொட்டு இன்னும் வைக்கவில்லை. கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்காரர்கள் மூன்று பேர் நின்றுகொண்டு, ஏலக்காய்க் காட்டுக்கு ஆள் ஏற்ற நேரமாகிறது என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன பேட்டரியும் பல்பும் வைத்துத் தொட்டுப் பார்த்தால் எது எந்தப் பக்கம் விடுகிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரிந்த வேலைதான். பல்பு பீஸ் போயிருந்தது. அடுத்த வழி ஒன்று இருந்தது. ஐ.டி.ஐ. முடித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய என் மகன் பத்தடி தூரத்தில் பேட்டரிகளை வரிசையாக வைத்து, சார்ஜரின் சிவப்பு, கறுப்புக் கவ்விகளை மாட்டிக்கொண்டிருந்தான். ‘இதில் என்ன போட்டிருக்கிறது, வாசித்துச் சொல்’ என்று கேட்டால் முடிந்தது. அந்த மூன்று டிரைவர்கள் முன்னால், பதினெட்டு வருஷ அனுபவஸ்தன் என்று அவர்கள் கூப்பிடுகிற நான், பெற்ற பிள்ளையிடம் போய் அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து மாட்டினேன். மாட்டினேன் என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை. "சுவிட்சப் போடுலே" என்றேன். நீ போட்டாய்.

நீ வரைந்த சாய்சதுரத்தில் ஒரு அம்பை மட்டும் திருப்பி வைத்துவிட்டு நடந்து பார். வலது மூலையிலிருந்து கிளம்பி மேல் முனைக்குப் போகிறவன் பேட்டரிப் பக்கம் போகவே மாட்டான். திரும்பிய அம்பு வழியாக நேரே இடது மூலைக்கு இறங்கிவிடுவான். குறுக்கு வழி. தடுக்க ஒன்றும் இல்லை. டிரான்ஸ்பார்மர் மாடு மாதிரி உறுமியது. என்ன என்று பார்க்க, அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி உள்ளே வந்து குனிந்தார். முந்தின நாளிலிருந்து சார்ஜ் ஏறிய பேட்டரிகளின் வாயு அந்தக் கொட்டகைக்குள்ளேயே நின்றிருந்தது. ஒயர் தீப்பிடித்துப் பொறி விழுந்ததும் பேட்டரி வெடித்தது. ஆசிட் அவர் முகத்தில் அடித்தது. நீதான் முதலில் ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாய், நிறுத்தாமல் ஊற்றினாய். இடது கண்ணாவது தப்பியது அதனால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

நான் என்ன செய்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "செவப்பையும் கறுப்பையும் மாத்தி மாட்டிப்புட்டான்" என்று சொன்னவன் நான். கவ்வியை மாற்றி மாட்டினாலும் சார்ஜர் எரியும், அதனால் எல்லாரும் நம்பினார்கள். கவ்விகளின் பிளாஸ்டிக் உருகி எல்லாமே கறுப்பாகக் கிடந்தது, எது எதில் மாட்டியிருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன். இருபத்தொரு வயதுப் பையன், கையில் காலிக் குடத்தோடு நின்றாய். "இல்லப்பா, சரியாத்தான் மாட்டுனேன்" என்று ஒரு தடவைதான் சொன்னாய்.

மறுநாள் நீ என்னிடம் வந்து, "டயோட எல்லாம் கழட்டிக் காட்டுங்கப்பா, என்ன ஆச்சுன்னு பாப்போம்" என்றாய். எல்லாவற்றையும் குப்பையில் எறிந்துவிட்டேன் என்றேன். எறியவில்லை முருகேசா. மூன்றைத்தான் எறிந்தேன். நான் மாட்டிய அந்த ஒன்று அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

நீ அந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறினாய். பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை. சர்ட்டிபிகேட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அவள் அதைப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். ஒரு வருஷம் கழித்து வந்தபோது, ‘அவசரத்துல நாந்தான் மாத்தி மாட்டிட்டேன் போலம்மா’ என்று நீ அவளிடம் சொன்னதை அடுத்த அறையில் இருந்து கேட்டேன். செய்யாத தப்பை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய். அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். உன் அம்மா நம்பவில்லை. "அவன் கை மாறாது. நீங்க எதையும் மாத்துனீகளா?" என்று என்னை இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இல்லை என்றேன். அவள் சாகும்வரை அந்த ‘இல்லை’யை நான் திரும்ப எடுக்கவில்லை.

நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டே உன்னைக் காட்டிக் கொடுத்தேனா என்று நீ கேட்கலாம். நிச்சயம் இல்லை. சந்தேகம் இருந்தது. எரிந்துபோன டயோடு இரண்டு பக்கமும் விட ஆரம்பித்துவிடும், பேட்டரி பல்பு வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது எந்த வகை என்று சொல்ல அதன் உடம்பில் இருக்கிற எழுத்து ஒன்றுதான் மிச்சம். இந்த ஊரில் எழுத்துத் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? டீக்கடையில் நீட்டியிருந்தால் யாரும் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். நான் நீட்டவில்லை. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினேன். படிப்பில்லாததை எல்லாரும் குறை என்பார்கள். எனக்கு அது ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

மீனா போன் செய்த மறுநாள் காலை நல்ல வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து, அந்த டயோடை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். கரி போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்வி எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் நம்பர். பிறகு ஓர் எழுத்து. கடைசியில் ஆர். தாளோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். நான் அதை மாட்டியது ஆர் இல்லாத வகை போக வேண்டிய தகட்டில். அதைச் சொன்னால் கேவலம், ஆனாலும் சொல்கிறேன்: வாசித்த முதல் நொடி எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, இவ்வளவு பொடி எழுத்தை வாசித்துவிட்டேனே என்று. அடுத்த நொடிதான் என்ன வாசித்தேன் என்பது புரிந்தது. அன்று முழுக்க வீட்டில் யாரும் இல்லாதது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் சின்னமனூருக்கு முதலாளி வீட்டுக்குப் போனேன். கடையை விட்டு வெகுநாள் ஆகிறது, எழுபத்தெட்டு வயது அவருக்கு. கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். டயோடை அவர் கையில் வைத்தேன். இருக்கிற ஒரு கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நம்ம கடைச் சாமானாலே இது?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், வெளியே போ என்பார், கையில் இருப்பதை என் முகத்தில் எறிவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பாட்டுக்கு மொச்சை உரித்துக்கொண்டே இருந்தார். முறம் பாதி நிறைந்த பிறகு கேட்டார்.

"டயோட மாத்தி மாட்டுனா பீஸ்தானல போகணும். ஏன் போகல?"

எனக்கு விளங்கவில்லை.

"போகாது. பீஸ்ல மெல்லிசுக் கம்பி அடிக்கடி போகுது, யாவாரம் கெடுதுன்னு ஒயரப் பிரிச்சு மூணு இழை செம்புக் கம்பியச் சுத்தி வச்சவன் நானு. நீ செஞ்ச தப்புக்கு அன்னைக்கு ஒரு கம்பிதான் எரிஞ்சிருக்கணும். ஆஸ்பத்திரியில கண்ணக் கட்டிப் போட்டிருந்தப்பவே எனக்கு நெனப்பு வந்துருச்சு. சொல்லல. பய மேல பழி விழுந்துருச்சுல்ல, அது அங்கனயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அந்த ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதிருவியாலே, அவனுக்கு? எம்பேரையும் சேத்து எழுது. இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவன் நானு, எனக்கு எழுத வரல. நீ எழுது."

அதனால் எழுதுகிறேன். நீ கவ்விகளைச் சரியாகத்தான் மாட்டினாய். உன் கையில் எந்தக் கோளாறும் இல்லை. அன்று அந்தக் கொட்டகைக்குள் தப்புச் செய்யாத கை உன்னுடையது ஒன்றுதான். நானும் முதலாளியும் ஆளுக்கொரு தப்பைச் செய்துவிட்டு, அதைச் சுமக்க உன்னை விட்டுவிட்டோம். உனக்குப் பிடித்த வேலையை நீ விட்டாய். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறாய் என்று மருமகள் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று இருக்கிறது. தெரியாததைப் பெற்ற பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்படாதே. மீனா படிக்கப் போனால் உனக்கு மறந்துபோனதை எல்லாம் பேசுவாள், நீ படித்த காலத்தில் இல்லாததையும் பேசுவாள். அப்பன் என்று விறைத்துக்கொண்டு நிற்காதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள். நான் அன்று பத்தடி நடந்து வந்து உன்னிடம் கேட்டிருந்தால், நீ வாசித்துச் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்த்திருப்பாய். அந்த டிரைவர்கள் ஒரு நாள் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

டயோடை இந்த உறைக்குள் வைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். உறை கிழிந்துவிடும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். இங்கேயே இருக்கட்டும். நீ வந்து உன் கண்ணால் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டுமோ செய். வராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போன் இனி வராமல் போனாலும் அதற்கான காரணம் எனக்குத் தெரியும்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அப்படி. கொடுத்துவிட்டு மறுபடியும் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவையும் எனக்கு எழுது, எத்தனை பக்கம் வந்தாலும் சரி. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்துக்கொள்வேன். ஆனால் அதற்கு முன்னால், மீனா கேட்கிற அந்தத் தாளில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடு.

உன் அப்பா